மூன்று சூரியன் காயும் ஊர்

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பனிமலையும், அதில் மெல்லிய புடவையோடு நடுங்கிக்கொண்டே ஆடும் கதாநாயகியும்தான். நான் சொல்லப்போவது அதே நாட்டில் ஒரு திராட்சைச் சரிவைப் பற்றி. பெயர் லாவோ. ஜெனீவா ஏரியின் வடகரையில், லோசான் நகரின் கிழக்கு ஓரத்திலிருந்து ஷியோன் கோட்டைவரை சுமார் 30 கிலோமீட்டருக்குப் படிப்படியாகத் தோட்டங்கள். 2007-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் அந்த ஊர்க்காரர்கள் தவறாமல் சொல்வது: "எங்களுக்கு மூன்று சூரியன்." வானத்தில் ஒன்று. ஏரித் தண்ணீரில் பட்டுத் திரும்புவது இரண்டாவது. பகலெல்லாம் சூடேறி, ராத்திரியில் அந்தச் சூட்டை விடும் கற்சுவர்கள் மூன்றாவது. முதல் இரண்டும் இலவசம். மூன்றாவதற்கு யார் உழைத்தது? (பி.காம் படிக்கிறவன் புத்தி, வேறென்ன!)

11, 12-ஆம் நூற்றாண்டுகளில் இந்த நிலம் மடங்களின் கையில் இருந்தது. டெசாலே என்ற செங்குத்தான பகுதியைத் திருத்தியது சிஸ்டெர்சியன் துறவிகள். 1536-இல் பெர்ன்காரர்கள் படையெடுத்துப் பிடித்தார்கள், மதச் சீர்திருத்தம் வந்தது, மடத்துச் சொத்து பறிபோனது. டெசாலேயில் ஒரு பகுதி லோசான் நகராட்சிக்குப் போனது. இன்றைக்கும் அந்த நகராட்சி தன் ஒயினை வருஷா வருஷம் ஏலம் விடுகிறது! சொந்தக்காரர்கள் இப்படி மாறிக்கொண்டே இருந்தார்கள். மழையில் கீழே வழிந்த மண்ணைக் கூடையில் முதுகில் சுமந்து திரும்ப மேலே கொட்டியவர்கள் மட்டும் அதே கூலிக்காரர்கள்தான்.

பக்கத்து ஊரான வெவேயில் ஒரு சங்கம் உண்டு. தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, வேலை எப்படி நடந்திருக்கிறது என்று மதிப்பிடும். கிட்டத்தட்ட நம் தணிக்கை மாதிரி. ஆனால் இங்கே நன்றாகச் செய்தவருக்குப் பரிசு. 1797 முதல், ஒரு தலைமுறைக்கு ஒருமுறை பெரிய விழா எடுத்து, நிலத்தின் முதலாளிக்கு அல்ல, வேலை செய்தவர் தலையில் கிரீடம் வைக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கடைசியாக நடந்தது 2019-இல். (பல கோடி நஷ்டம், அது வேறு கதை.)

இவ்வளவு அழகான ஏரிக்கரையில் வீடு கட்டி விற்க யாருக்குத்தான் ஆசை வராது? 1977-இல் ஃப்ரான்ஸ் வெபர் என்பவர் கையெழுத்துத் திரட்டி, அந்த மாநில மக்களிடம் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோய் ஜெயித்தார். லாவோவைக் காப்பது அரசியல் சட்டத்திலேயே ஏறியது. 2005-இல் மறுபடியும் ஜெயித்தார். 2014-இல் இன்னும் கடுமையான விதிகள் கேட்டபோது, திராட்சை விவசாயிகளே பலர் எதிர்த்தார்கள். மக்கள் அதை நிராகரித்து, அரசு முன்வைத்த மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். ரயில் ஜன்னலில் காட்சி பார்க்கிற நமக்கு ஒன்றும் இல்லை. தன் தோட்டத்தில் ஒரு கொட்டகை போடக்கூட ஆயிரம் விதி பார்க்க வேண்டியவர் கோபப்பட்டால், அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன்.