ஆற்றின் பெயரில் ஒரு நோய்

1979ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பொட்டோமக் ஆற்றையொட்டிய பண்ணைகளில் குதிரைகள் காய்ச்சலுற்றுத் தீனியை மறுத்தன. நீராய்க் கழிந்து பல மாண்டன. பிழைத்தவற்றுள் சில குளம்பழற்சியால் நடை இழந்தன. காரணம் அறியப்படாத அந்நோய்க்கு இடமே பெயராயிற்று: பொட்டோமக் குதிரைக் காய்ச்சல்.

சில ஆண்டுகளில் நோய்க்கிருமி அகப்பட்டது. குதிரையின் குருதி வெள்ளணுக்களிலும் குடற்சுவரின் உயிரணுக்களிலும் புகுந்து வாழும் பாக்டீரியா அது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மியோடிராக் ரிஸ்டிக்கைச் சிறப்பித்து, ‘எர்லிகியா ரிஸ்டிசி’ எனப் பெயரிட்டனர். சிக்கல் இப்பெயரின் முற்பாதியில் இருந்தது. எர்லிகியா பேரினத்தில் நன்கறியப்பட்டவை உண்ணிகளால் பரவுபவை. ஆகவே இதற்கும் உண்ணியே காரணம் என ஐயுற்றுத் தேடினர். நோயைக் கடத்தும் உண்ணி எதுவும் கிடைக்கவில்லை. ஆய்வாளர்களைக் குறைசொல்வதற்கில்லை, அறிந்த உறவைக்கொண்டு அறியாததை ஊகிக்கவே வகைப்பாடு இருக்கிறது. இங்கு உறவுதான் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தது.

மக்கள் வைத்த பெயரோ வேறு திசையைக் காட்டியது. வட கலிபோர்னியாவில் ஷாஸ்டா ஆற்றுப் பள்ளத்தாக்கின் குதிரை வளர்ப்போர், இத்தகைய கழிச்சல் நோயைப் பல காலமாக ‘ஷாஸ்டா ரிவர் கிரட்’ என்றே வழங்கிவந்தனர். கிரட் என்பது கசடு. இன்னதென்று விளங்காத நோயைக் குறிக்கும் கொச்சை வழக்கும் அதுவே. ஆய்வேட்டின் தலைப்புக்கு ஒவ்வாத சொல்தான். ஆனால் அதிலும் ஓர் ஆறு இருந்தது. 1990களின் பிற்பகுதியில், அதுவும் பொட்டோமக் காய்ச்சலும் ஒன்றே என நிறுவப்பட்டது.

அதற்குள் மரபணு ஒப்பீடு இக்கிருமியின் மெய்யான சுற்றத்தைக் காட்டியிருந்தது. சால்மன் மீனை உண்ணும் நாய்களைத் தாக்கும் நியோரிக்கெட்சியா அதன் நெருங்கிய உறவு. அது பரவுவது மீனிலுள்ள தட்டைப்புழு வழியே. தேடல் நீருக்குள் திரும்பியது. ஆற்று நத்தைகளிலிருந்து வெளிவரும் தட்டைப்புழுக்களில் குதிரைக் காய்ச்சல் கிருமியின் மரபணு கிடைத்தது. அப்புழுக்கள் நீர்ப்பூச்சிகளின் இளவுயிரிகளுக்குள் புகுகின்றன. அவை சிறகு முளைத்துக் கரையேறி, புல்லிலும் தீவனத்திலும் விழுந்து கிடக்க, குதிரை மேய்கையில் விழுங்குகிறது. 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கேடிஸ் ஈக்களை உண்ணக் கொடுத்தே நோயை உண்டாக்கிக் காட்டினர். மறு ஆண்டு கிருமி ‘நியோரிக்கெட்சியா ரிஸ்டிசி’ ஆயிற்று.

மருந்து முன்பே தெரிந்திருந்தது. தொடக்கத்திலேயே கொடுத்தால் டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் காக்கும். புதிதாகக் கிடைத்தது எளிய காப்புமுறை. அப்பூச்சிகள் ஒளியை நாடி வருபவை. ஆகவே ஆற்றங்கரைப் பண்ணைகளில் கோடை இரவுகளில் கொட்டில் விளக்குகளை அணைத்துவைக்கும்படி இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்கின்றனர்.