சேக்கிழார் சொல்லாத வேதியர்

ஸ்ரீமுஷ்ணத்தில் சின்ன வயசில் நந்தனார் கதை கேட்டபோது, சிதம்பரம் போகவிடாத அந்த வேதியர் மேல்தான் எனக்குக் கோபம். பெரியபுராணத்தைப் படித்தபோது திகைத்துப்போனேன். அப்படியொரு ஆளே அதில் கிடையாது!

19-ஆம் நூற்றாண்டில் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யை இயற்றிப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதி சேர்த்த பாத்திரம் அது. பாரதியும் பிராமணர்தான். 40 வேலியையும் அறுத்து முடித்தால்தான் போகலாம் என்கிறார் அவருடைய வேதியர். சேக்கிழாரிடம் தடை கோயில் வாசலில் மட்டும் இருந்தது; பாரதி அது வயலிலேயே தொடங்குவதைக் காட்டினார். பண்ணையாளின் பக்திக்கு முதல் தடை, லீவு தராத முதலாளி.

கடைசியில் வேதியர் மனம் மாறி நந்தனை வணங்குகிறார். ஆனால் தீயில் இறங்கித்தான் தில்லைக்குள் போகலாம் என்பதைப் பாரதியும் மாற்றவில்லை. ஆண்டையைப் பணியவைக்க முடிந்தவருக்கு, கோயில் வாசலை அசைக்க முடியவில்லை.