ஷாம்புவும் சீயக்காயும்

ஷாம்பு வெள்ளைக்காரன் சொல் என்றே நினைத்திருந்தேன். அது 'சாம்ப்போ' என்ற இந்திச் சொல்லாம். பிடித்துவிடு, அழுத்து என்று பொருள். பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது 1814-இல் இங்கிலாந்தின் பிரைட்டனில் நீராவிக் குளியல் இல்லம் தொடங்கினார். அங்கே உடம்பு பிடித்துவிடுவதற்கே ஷாம்பு என்று பெயர். தலைக்குத் தேய்க்கும் சரக்குக்கு அந்தப் பெயர் பிறகுதான் வந்தது. பள்ளியில் நான் படித்த பிரெஞ்சில் அது 'ஷாம்ப்வேன்'.

1983-இல் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே, கடலூரில் சிக் ஷாம்பு தொடங்கியது. பாக்கெட் வந்ததும் எங்கள் வீட்டுச் சீயக்காய் டப்பா காலியானது.

போன மாதம் மனைவிக்குத் தலை அரிப்பு. சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூந்திக்கொட்டை எல்லாம் வெயிலில் காயவைத்து மிஷினில் அரைத்து வந்தேன். சீயக்காயில் உள்ள சபோனின் அழுக்கைப் போக்கும். ஆனால் நுரை குறைவு, கண்ணில் பட்டால் எரியும். அவளுக்குக் கை வலி என்பதால் நல்லெண்ணெயை நானே தேய்த்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை.

அரிப்பு போயிற்றா என்று கேட்டேன்.

"அது கிடக்கட்டும், இன்னும் கொஞ்சம் அழுத்துங்க" என்றாள்.