சிவப்பு மழையின் காகிதத் தடம்

2001 ஜூலை 25 அன்று கோட்டயம், இடுக்கி மாவட்டங்களில் சிவப்பாக மழை பெய்யத் தொடங்கியது. செப்டம்பர் வரை கேரளத்தின் பல ஊர்களில் விட்டுவிட்டுப் பெய்தது. அதற்கான விளக்கம் எந்தெந்தக் காகிதத்தில், யார் முத்திரையோடு ஏறியது என்பதைத்தான் இடுக்கியின் தேயிலை ஊரான வண்டிப்பெரியாரில் இருந்தபடி தேடினேன்.

முதல் காகிதம் ஆய்விதழ்க் கட்டுரையே அல்ல, ஓர் அறிக்கை. திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமும் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவும் 2001 நவம்பரில் கொடுத்தது. மையம் முதலில் விண்கல் வெடித்தது என்றுதான் சொன்னது. மழைநீரில் வித்துகளைக் கண்டதும் சில நாட்களிலேயே அதைக் கைவிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது டிரென்டிபோலியா என்ற பாசி வந்தது. இங்குள்ள தோட்டத் தொழிலாளர்களுக்கு அதன் சொந்தம் பழக்கமானது: தேயிலையில் சிவப்புத் துரு நோயை உண்டாக்கும் செபாலியூரஸ் அதே குடும்பம். ஈரமான மரப்பட்டையில் காவிப்பொடி தூவியதுபோல் படிந்திருப்பது டிரென்டிபோலியா. பச்சைப்பாசி வகைதான், கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, 2006இல் ஸ்பிரிங்கரின் 'ஆஸ்ட்ரோபிசிக்ஸ் அண்ட் ஸ்பேஸ் சயன்ஸ்' இதழில் வந்தது. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் மழையோடு விழுந்த துகள்கள் 50,000 கிலோ இருக்கும் என்று கணக்கிட்டு, அவை வால்நட்சத்திரம் கொண்டுவந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று எழுதினார்கள். உலகப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. துணிந்து ஊகிப்பது விஞ்ஞானியின் உரிமை. அதில் எனக்குப் பிணக்கில்லை. என் கேள்வி இதழிடம்தான். உயிரணுவைப் பற்றிப் பேசும் கட்டுரையை வானியற்பியல் இதழ் பாசி தெரிந்த ஒருவரிடம் காட்டியே ஆகவேண்டும். மதிப்பாய்வாளர் எந்தத் துறைக்காரர் என்பதைக்கூட வாசகருக்குச் சொல்லாத நடைமுறை சரியல்ல.

மூன்றாவதைக் கண்டபோதுதான் திடுக்கிட்டேன். 2015இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழு டிஎன்ஏ பார்த்து, பாசியின் இனத்தையே சொன்னது: டிரென்டிபோலியா ஆனுலாட்டா. கட்டுரை வந்த இதழோ ஹைதராபாத் ஓமிக்ஸ் நிறுவனத்தினுடையது. மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் சொன்னது, கட்டணத்தை மறைத்தது, சம்மதம் இல்லாமலே அறிஞர்களை ஆசிரியர் குழுவில் காட்டியது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016இல் அந்நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. 2019 மார்ச்சில் நெவாடா நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

ஆக, வால்நட்சத்திரத்துக்கு மதிப்புள்ள முத்திரை. பாசிக்குக் கறைபட்ட முத்திரை. ஆனால் 2015 கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: அந்த இனம் ஐரோப்பாவிலிருந்து மேகங்களோடு வந்திருக்கலாம் என்று. துருவித் துருவிக் கேட்கவேண்டிய இடம் இதுதான். வெளியீட்டாளரின் மதிப்பாய்வுப் பேச்சையே நம்ப முடியாதபோது, நேர்மையாக உழைத்த ஆய்வாளரின் நல்ல சான்றும் சேர்ந்தே சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அந்த அநியாயத்துக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

ஆகவே ஸ்பிரிங்கர் இதழுக்கு ஒரு கோரிக்கை. கருத்து தவறிப்போனதற்காக 2006 கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம். அதில் மோசடி இல்லை. ஆனால் அதைத் திறக்கும் மாணவருக்கு 2001 அறிக்கையும் டிஎன்ஏ முடிவும் அதே பக்கத்தில், தலைப்புக்குக் கீழேயே கண்ணில் படவேண்டும்.