'விடுதலை'ப் பத்திரம்

சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகிற பத்திரங்களில் ஒரு வகைக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். யார், எதிலிருந்து விடுதலை பெறுகிறார்கள்? பெரும்பாலும் சகோதரி தன் பாகத்தை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். அதற்குத்தான் இந்தப் பெயர். என் அம்மாவும் 1984இல் அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டவர். தாத்தா உயில் எழுதாமல் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "ஒரே ஒரு கையெழுத்துதாம்மா, பட்டா மாத்தணும்" என்றாராம் மாமாக்கள் கூட்டிவந்த வக்கீல். பத்திரத்தில் 'மனமுவந்து' என்றிருந்தது.

அம்மா விட்டுக்கொடுத்தது எவ்வளவு? பிள்ளைகள் மூவர், ஆகவே மூன்றில் ஒன்று என்றுதான் நாம் நினைப்போம். சட்டக் கணக்கு வேறு. பூர்வீகச் சொத்தில் தாத்தாவும் இரு மகன்களும் பிறப்பால் பங்காளிகள். ஆளுக்கு மூன்றில் ஒன்று. தாத்தாவின் அந்த ஒரு பங்கு மட்டும் (பாட்டி முன்பே காலமாகிவிட்டார்) மூவருக்கும் பிரியும். அம்மாவுக்கு ஒன்பதில் ஒன்று. மாமாக்களுக்குத் தலா ஒன்பதில் நான்கு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 'சமத்துவம்' என்று வழங்கியது இதைத்தான்.

இக்கணக்கின் வேர் மிதாட்சரம். யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு விஞ்ஞானேஸ்வரர் எழுதிய உரை அது. அதன் தாயபாகப் பகுதியைக் கோல்புரூக் 1810இல் ஆங்கிலமாக்கினார். காலனிய நீதிமன்றங்கள் அதை எடுத்துவைத்துக்கொண்டு 'இந்து' என்கிற ஒற்றை அடையாளத்துக்குள் எல்லாச் சாதிகளையும் அடக்கின. மதுரைப் பகுதியில் அதிகாரியாக இருந்த ஜே.எச். நெல்சன், இங்குள்ள பெரும்பான்மைச் சாதியாருக்குச் சமஸ்கிருத நூல்களைச் சட்டமாக்குவது பொருந்தாது என்று 1877இலேயே எழுதினார். அவர் குரல் எடுபடவில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானம் போட்டது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு ஆயுட்கால அனுபவ உரிமையை மட்டும் தந்தது. இந்துச் சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதை முன்னிட்டு அம்பேத்கர் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். தமிழகத்தில் 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பால் பங்காளியானாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவளுக்கு இது இல்லை. தாலி ஏறிய தேதி பார்த்து உரிமை! இந்த வேறுபாட்டை 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் நீக்கியது. தகப்பன் அன்று உயிரோடிருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அது தொடாது. மாமாக்கள் 1985இலேயே பதிந்துவிட்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: சட்டம் கொடுக்கும்போதே கதவொன்றையும் திறந்துவைத்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் தன் பங்கை உயிலெழுதும் அதிகாரம் அதே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. மகளுக்கு வாரிசுரிமை, அதை உயிலால் தடுக்கத் தகப்பனுக்கு அதிகாரம். உயிலும் இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது விடுதலைப் பத்திரம். அதற்கு முத்திரைத் தீர்வையில் சலுகை வேறு.

ஆகவே 'நல்ல வக்கீல் யாராவது இருக்காங்களா?' என்று விசாரிக்கிற பெண், அவர் யாருக்கு வக்கீல் என்பதையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் ஃபீஸ் கொடுத்துக் கூட்டிவருபவர் தங்கைக்காகப் பேசமாட்டார். தனக்கென்று ஒரு சிவில் வக்கீலைப் பார்த்து மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் காட்ட வேண்டும். சொத்து பூர்வீகமா, சுயார்ஜிதமா? உயில் உண்டா? உண்டென்றால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்களா? உயிலைப் பதிவுசெய்வது கட்டாயமில்லை, சாட்சிகள் கட்டாயம். வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. பட்டா பெயர் மாறியதாலேயே உரிமை போய்விடாது. கையெழுத்துப் போட்டால் போகும்.

இதெல்லாம் தெரிந்திருந்தால் அம்மா கேட்டிருப்பாரா? ஒருமுறை கேட்டேன். "பங்கு கேட்டுட்டு அப்புறம் எந்த வாசல்ல போய் நிக்கிறது?" என்றார். தாய்வீடு என்கிற ஒன்று தனக்கு மிஞ்சியிருக்க அவர் கொடுத்த விலை அந்த ஒன்பதில் ஒன்று. சீர், தாய்மாமன் முறை எல்லாம் அந்த விலைக்குள் அடக்கம். எந்தத் திருத்தச் சட்டமும் இந்த வாசலை இன்னும் தொடவில்லை.