சம்பள பாக்கிக்கு ஒரு கிராமம்

போலந்தின் வடகிழக்கு மூலையில், பியாவிஸ்டோக் நகரிலிருந்து கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் குருஷினியானி வரும். சில மரவீடுகள், சுற்றிலும் காடு, அப்பால் பெலாரஸ் எல்லை. தாத்தார் முஸ்லிம்களுக்கு மன்னர் அளித்த கொடை இந்த ஊர் என்பார்கள். கொடை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்கு வரவேண்டிய சம்பளம் அது.

லிப்கா தாத்தார்கள் 14-ஆம் நூற்றாண்டு முதல் லித்துவேனியாவில் வேரூன்றிய குதிரைப்படையினர். தலைமுறை தலைமுறையாகப் போலந்து-லித்துவேனிய அரசுக்காகப் போரிட்டவர்கள். கஜானா வற்றியபோது சம்பளம் நின்றது. வழிபாட்டு உரிமைகளிலும் கை வைத்தார்கள். 1672-இல் பல படைப்பிரிவுகள் ஒட்டோமான் பக்கம் போய்விட்டன. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சில ஆண்டுகளில் பலரும் திரும்பி வந்தார்கள். அப்போதும் மன்னர் மூன்றாம் யான் சோபியெஸ்கியிடம் பணம் இல்லை. நிலம் இருந்தது. 1679-இல் சாமுவேல் முர்சா க்ஷெச்சோவ்ஸ்கி என்ற படைத்தலைவருக்கும் அவரது வீரர்களுக்கும் குருஷினியானியில் நிலம் எழுதிக் கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் வியன்னா போர் வந்தது. அதில் தாத்தார்கள் அவர் பக்கம் நின்று ஒட்டோமானியரை எதிர்த்தார்கள்.

ஊரின் மரப் பள்ளிவாசல் 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பச்சை வண்ணம், முகப்பில் இரட்டைக் கோபுரங்கள். உச்சியிலுள்ள பிறையைக் கவனிக்காதவர்கள் கிராமத்து மாதா கோயில் என்றே நினைப்பார்கள். உள்ளே பெண்களுக்குத் தனி அறை. நடுச்சுவரில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதில் மெல்லிய துணித் திரை. சுவர்களில் சட்டமிட்ட அரபு எழுத்தோவியங்கள்.

அருகில் மரங்களுக்கிடையே உள்ள கபர்ஸ்தானில்தான் நான் அதிக நேரம் இருந்தேன். கல்லின் தலைப்பில் பிறையும் அரபு வரிகளும். கீழே பெயர், சில கற்களில் போலிஷ் எழுத்தில். ரஷ்யர்கள் ஆண்ட காலத்துக் கற்களில் சிரிலிக் எழுத்து. ஆட்சி மாறியபோதெல்லாம் கீழ்ப்பாதி மாறியிருக்கிறது, மேல்பாதி அப்படியே நிற்கிறது.

சமையலும் அப்படித்தான் பிழைத்திருக்கிறது. பியெரெகாச்செவ்னிக் என்ற பலகாரத்துக்கு மாவை ஆறு தாள்களாக மெல்லிசாகத் தேய்த்து, ஒவ்வொன்றிலும் கொழுப்பு தடவி அடுக்கி, இறைச்சி வைத்து, நத்தைபோல் சுருட்டி அடுப்பில் சுடுகிறார்கள்.

போலந்து அரசு 2012-இல் பள்ளிவாசலையும் கபர்ஸ்தானையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஊரில் மிஞ்சியிருப்பவை சில தாத்தார் குடும்பங்களே. 2018-இல் அங்கிருந்த தாத்தார் உணவகம் எரிந்து சாம்பலானபோது, போலந்தின் பல ஊர்களிலிருந்தும் மக்கள் பணம் அனுப்பினார்கள். உணவகம் மீண்டும் எழுந்துவிட்டது.