அம்பாப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லையா?

நாட்டார் பாடலுக்கு நம் பாடநூல்கள் சொல்லும் இலக்கணங்களில் முதலில் நிற்பது, அது ஆசிரியர் பெயர் தெரியாதது என்பதாகும். முத்துக்குளித்துறையின் அம்பாப் பாடல்களை முன்வைத்து இதை மறுக்க விரும்புகிறேன். வேம்பார் முதல் மணப்பாடு வரையுள்ள பரதவர் ஊர்களில் ஒலித்த அம்பாவுக்குப் பாடியவரும் உண்டு, கட்டியவரும் உண்டு. அவர்கள் பெயரைக் கேட்டு எழுதாமல் விட்டது தொகுத்தவர்களின் குறை. அந்தக் குறையைப் பாட்டின் இயல்பென்று எண்ணி இலக்கணமும் வகுத்துவிட்டோம்.

அம்பா வேலையோடு பிறக்கும் பாட்டு. கரைவலை இழுக்கவும், துடுப்புப் போடவும், பாய் ஏற்றவும், வள்ளத்தை மணலிலிருந்து கடலுக்குத் தள்ளவும் அது வேண்டும். ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் ஏலேலோ என்றோ ஐலசா என்றோ ஏற்பார்கள். ஏற்கும் அசையில்தான் இழுவை விழும். அடியெடுப்பவர் காற்றையும் நீவாடு எனப்படும் நீரோட்டத்தையும் ஆட்களின் களைப்பையும் பார்த்து அடியை நீட்டுவார், குறுக்குவார். மாதாவையும் சவேரியாரையும் கூப்பிட்ட அதே மெட்டில் படகுக்கு உடையவரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் வரும், கரையில் காத்திருப்பவளின் பேச்சும் வரும். வந்த சொற்களில் எதை எப்போது எடுப்பது என்று அந்தக் கணத்தில் முடிவு செய்பவரைக் கவிஞர் என்று அழைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

ஏலேலோ என்ற சொல்லை வள்ளுவரின் நண்பர் ஏலேலசிங்கரோடு இணைக்கும் மரபுக்கதை ஒன்று உண்டு. கதை அழகானது. ஆனால் அந்த அசைக்குப் பொருள் தேடுவதைவிட அது செய்யும் வேலையைப் பார்ப்பதே பயன் தரும். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கம்பளித் துணியை நனைத்துப் பலகையில் அடித்து இறுக்கும் பெண்கள் பாடிய கேலிக் மொழிப் பாடல்களும் இதே அமைப்பில் உள்ளன. ஒருத்தி அடி சொல்வாள். மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் ஏற்பார்கள். அங்கே அந்த அசைகள்தாம் பாட்டின் அடையாளம். அடிகள் மாறலாம், அசை மாறாது. ஜான் லார்ன் கேம்பலும் பிரான்சிஸ் காலின்சனும் 1969 முதல் 1981 வரை 3 தொகுதிகளாக அவற்றை மெட்டுக் குறிப்போடு அச்சிட்டார்கள். நம் தொகுப்புகள் பெரும்பாலும் ஏலேலோவைச் சுருக்கியோ விட்டோ அச்சிட்டு, எஞ்சிய வரிகளில் சமூகச் செய்தி தேடுகின்றன. இழுவையை நீக்கிவிட்டால் அம்பாவின் பாதி போய்விடுகிறது.

பாட்டு வேலையோடு பிணைந்திருப்பது முத்துக்குளிப்பில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கல்லின் துணையோடு மூச்சடக்கிப் பார் என்னும் முத்துப் படுகைக்கு இறங்கும் குளியாளுக்குப் பாட்டில்லை. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவரின் கவனமெல்லாம் கயிற்றின் அசைவில் இருக்கும். அது தவறினால் ஓர் உயிர் போகும். எனவே குளிப்பின் நடுவில் மௌனம்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. பாட்டுக்கு உரிய இடம் பாருக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. துடுப்பின் இடத்தை எஞ்சின் எடுத்துக்கொண்டதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான். பாட்டுக்கு இருந்த வேலைகளில் இரண்டு ஏறத்தாழ ஒரே காலத்தில் கைவிட்டுப் போயின.

ஆசிரியர் கேள்விக்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ், எடின்பரோவில் ஜேம்ஸ் ஜான்சன் 1787 முதல் 1803 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட பாடல் நூலுக்குச் சுமார் 200 பாடல்கள் தந்தார். ஊதியம் வாங்கவில்லை. பழைய மெட்டுக்குப் புதுச் சொல் எழுதியதும், பழைய பாட்டைச் செப்பனிட்டதும் அவர் வேலை. அந்த நூலில் சில எழுத்துக் குறிகள் உண்டு. பி, ஆர், எக்ஸ் என்பவை அவர் தாமே எழுதியவற்றைக் குறிக்கும். இசட் என்பது அவர் கைவைத்த பழம் பாடல். எது ஊருடையது, எது தன்னுடையது என்று அவர் கோடு கிழித்துக் காட்டினார். மீன் விற்கும் பெண்களின் கூவலைப் பாட்டாக்கிய நேர்ன் சீமாட்டியோ புனைபெயரில் ஒளிந்திருந்தார். அவர் 1845இல் இறந்த பிறகுதான் பாடல்கள் அவர் பெயரோடு நூலாயின. ஒரு தலைமுறை பிந்தியிருந்தால் அவரையும் பெயரற்றவர் கணக்கில் சேர்த்திருப்பார்கள்.

அயர்லாந்தில் 1792இல் பெல்பாஸ்ட் நகரில் யாழ்க் கலைஞர்கள் கூடியபோது எட்வர்ட் பண்டிங் அவர்களின் மெட்டுகளைக் குறித்துக்கொண்டார். சொற்கள் தவறிப்போனதை உணர்ந்து, 1802இல் மேற்கு அயர்லாந்துக்கு ஆளனுப்பிச் சேகரித்தார். பெல்பாஸ்ட் அமைந்த அதே ஆண்ட்ரிம் மாவட்டத்தில் 1814இல் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்தான் நம் இடையன்குடி கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் மண்ணை அகழ்ந்து பார்த்து 1877இல் எழுதியவர் அவர். தமிழின் தொன்மையை இலக்கணத்திலும் மண்ணிலும் தேடிய அந்தப் பேரறிஞரின் நூல்களில், அதே கரையில் ஒலித்த பாட்டுக்கு இடம் அமையவில்லை. அவருக்கு நாம் பட்ட கடன் இதனால் குறையாது. இழப்பு மட்டும் இழப்பாகவே நிற்கிறது.

நம் பக்கத்தில் பர்ன்ஸோடு நிற்கத்தக்கவர் எட்டயபுரத்துப் பாரதி. 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பொதுமக்கள் விரும்பும் மெட்டு காவியத்துக்கு வேண்டும் என்றார். சிந்தையும் கும்மியையும் கையாண்டார். குயில் பாட்டில் ஏற்றப் பாட்டையும் நெல்லிடிக்கும் பாட்டையும் மனம் பறிகொடுத்த குயிலின் வாயிலாகப் பட்டியலிடுகிறார். அந்தப் பட்டியலில் கடலோடிகளின் பாட்டு இல்லை. பாரத தேசம் பாடலில் சிந்து நதித் தோணிக்குத் தெலுங்குப் பாட்டு கிடைக்கிறது, தென்கடல் முத்துக்குளிப்புக்கு வணிகர் கூட்டம் கிடைக்கிறது. எட்டயபுரத்துக்கு இத்தனை அருகிலிருந்த அம்பா அவர் கவிதைக்குள் வராமல் போனதை எண்ணி வருந்துகிறேன்.

நா. வானமாமலையின் தமிழர் நாட்டுப் பாடல்கள் 1964இல் வந்தது. பல பாடல்களின் கீழ் சேகரித்தவர் பெயரும் இடமும் உள்ளன. சிலவற்றில் பாட்டைக் கொடுத்தவருக்கு ‘உதவியவர்’ என்ற இடமும் கிடைக்கிறது. அக்காலத்தில் அது நேர்மையான, பெரிய அடி. அடுத்த அடியை நாம்தான் வைக்க வேண்டும்.

எஞ்சின் வருவதற்கு முன் துடுப்புப் போட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மாணவர்களும், கடற்கரை ஊர்களின் இளைஞர்களும் இந்த ஆண்டே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். மெட்டைப் பதிவு செய்யுங்கள். எந்த வேலைக்குப் பாடியது என்று கேளுங்கள். இந்த அடியை முதலில் எடுத்தது யார் என்று கேளுங்கள். சொல்லும் பெயரை, அவர்கள் சம்மதத்தோடு, பாட்டின் தலைப்பில் எழுதுங்கள்.